ஏழு கேள்வி, ஏழு விடை, உள்ள ஒரே முடிச்சு

குவிஸ்னாலே நம்ம ஊர்ல நிறைய பேருக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம் இருக்கு, தெரிஞ்சவன் டக்குன்னு சொல்லிடுவான் தெரியாதவன் முழிச்சுட்டு உக்காந்திருக்கணும், அவ்ளோதான் இந்த விளையாட்டுன்னு. ஸ்கூல்லேர்ந்தே அப்படித்தான் பழகியிருக்கோம். நான் பல வருஷமா எங்க ஏரியா நூலகத்துலயும் குடியிருப்போர் சங்கத்துலயும் தமிழ்ல குவிஸ் நடத்திட்டு இருக்கேன், கேள்வி எல்லாம் நானே தயார் பண்றதுதான். நான் பாத்த வரைக்கும் இந்த பயத்த உடைக்கிறதுக்கு நல்லா வேலை செய்யுற ஒரு வழி தீம் ரவுண்டு. அதாவது கேள்வி ஒவ்வொண்ணும் தனித்தனி, ஒண்ணு வரலாறு, ஒண்ணு அறிவியல், ஒண்ணு சாப்பாடு, ஆனா விடைங்கள வரிசையா எழுதிப் பாத்தா எல்லாத்துக்கும் நடுவுல ஒரு ஒளிஞ்ச தொடர்பு இருக்கும். அதக் கண்டுபிடிக்கிறதுக்குத்தான் பெரிய மார்க்.

இது நான் கண்டுபிடிச்சது ஒண்ணும் இல்ல. இந்தியாவுல ஓப்பன் குவிஸ், அதாவது யார் வேணும்னாலும் கலந்துக்கிற குவிஸ்ங்கிறதே 1967ல கல்கத்தாவுல நீல் ஓ'பிரையன் நடத்தினதுலேர்ந்துதான் ஆரம்பிக்குதுன்னு சொல்வாங்க, பெங்களூருல கர்நாடகா குவிஸ் அசோசியேஷன் 1983ல வந்துச்சு, சென்னையிலயும் ரொம்ப நாளா விளையாடுற கூட்டம் ஒண்ணு இருக்கு. அவங்க எல்லாரும் கனெக்ட், தீம்னு விதவிதமா போடுவாங்க. ஆனா பெரும்பாலும் இங்கிலீஷ்ல. நான் இத தமிழ்ல, அதுவும் ஒன்பதாவது படிக்கிற பையனும் அவன் தாத்தாவும் ஒரே டீம்ல உக்காந்து விளையாடுற மாதிரி செய்யணும்னு ஆசப்பட்டுதான் இறங்கினேன். அதுல கத்துக்கிட்டத எழுதி வெச்சா கேள்வி தயார் பண்ண ஆசப்படுற டீச்சருங்க, சங்கத்துக்காரங்க யாருக்காவது உதவும்.

முதல்ல ஒரு செட்ட முழுசா சொல்லிடுறேன், அப்புறம் பேசலாம். படிக்கும்போது நீங்களும் விடைய ஒரு பேப்பர்ல எழுதிட்டே வாங்க.

ஒடிசா கடலோரமா போன ஐரோப்பிய மாலுமிங்க புரி ஜெகந்நாதர் கோயில வெள்ளை பகோடான்னும் இன்னொரு கோயில கறுப்பு பகோடான்னும் அடையாளம் வெச்சுக்கிட்டாங்க, அந்த கறுப்பு பகோடா எது? கோனார்க் சூரியன் கோயில். அடுத்து, கழுகுமலையில ஒரே பாறைய மேலேர்ந்து கீழா செதுக்கிட்டே வந்து பாதியில நின்னு போன வெட்டுவான் கோயில 'தென்னகத்தின்' எதுன்னு சொல்லுவாங்க? எல்லோரா. மூணாவது, 1565 தலைக்கோட்டைப் போருக்கு அப்புறம் சூறையாடப்பட்ட விஜயநகரத் தலைநகரத்தோட இடிபாடு துங்கபத்திரை கரையில இன்னைக்கும் நிக்குது, அந்த ஊருக்கு இப்ப என்ன பேரு? ஹம்பி. நாலாவது, 1945ல ஐஎன்ஏ, அதாவது நேதாஜியோட இந்திய தேசிய ராணுவத்து அதிகாரிங்க ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூணு பேரையும் எந்த இடத்துல வெச்சு விசாரிச்சாங்க, அவங்களுக்காக நேரு கூட பல வருஷம் கழிச்சு வக்கீல் கவுன மாட்டினாரே? டெல்லி செங்கோட்டை. அஞ்சாவது, 2013 நவம்பர் 5 ஸ்ரீஹரிகோட்டாவுல கிளம்பி 2014 செப்டம்பர் 24 போய்ச் சேர்ந்துச்சு, திட்ட இயக்குநர் நம்ம திருநெல்வேலிப் பக்கத்துக்காரரு சுப்பையா அருணன், எது? மங்கள்யான். ஆறாவது, அசோகர் ஆரம்பிச்சு வெச்சது, நாலு பக்கமும் செதுக்கின தோரண வாசல், 1818ல ஒரு பிரிட்டிஷ் அதிகாரி கண்ணுல படுற வரைக்கும் மறந்து கிடந்தது, போபாலுக்குப் பக்கத்துல இருக்கு? சாஞ்சி ஸ்தூபி. ஏழாவது, குஜராத்துல பாட்டன்ங்கிற ஊர்ல ராணி உதயமதி தன் கணவர் முதலாம் பீமதேவர் நினைவா கட்டின படிக்கிணறு? ராணி கி வாவ்.

இந்த செட்ட எங்க சங்க ஹால்ல போட்டப்ப நாலாவது விடை முடிஞ்சதும் எல்லா டீமும் சிரிச்சுக்கிட்டே சீட்டுல எழுதிக் குடுத்தாங்க, யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம்னு. தப்பா நினைக்கல அவங்க. எல்லோரா 1983லயே அந்தப் பட்டியல்ல வந்துடுச்சு, கோனார்க் 1984, ஹம்பி 1986, செங்கோட்டை 2007. நாலும் சரியா உக்காருது. அப்பதான் அஞ்சாவது விடையா மங்கள்யான் வந்துச்சு, ஹால்ல ஒரு சலசலப்பு, செவ்வாய சுத்துற விண்கலத்துக்கு யுனெஸ்கோ எப்படி பட்டம் குடுக்கும்னு எல்லாரும் பக்கத்துல இருக்கிறவங்க மூஞ்சிய பாக்குறாங்க.

மூணாவது டீம்ல ஒரு பஸ் கண்டக்டர் இருந்தாரு, ரிட்டயர் ஆகப் போற வயசு, பேரன் இழுத்துட்டு வந்து உக்கார வெச்சிருந்தான். அது வரைக்கும் ஒரு கேள்விக்கும் வாய தொறக்கல மனுஷன். மங்கள்யான்னு சொன்னதும் பேரன் கையிலேர்ந்து பேனாவ வாங்கி அவரே எழுதினாரு, எல்லாம் ரூபா நோட்டுக்குப் பின்னாடி இருக்கிற படம்னு. அதான் விடை. பத்து ரூபாயில கோனார்க், இருபதுல எல்லோரா, அம்பதுல ஹம்பி கல் தேர், நூறுல ராணி கி வாவ், இருநூறுல சாஞ்சி, ஐநூறுல செங்கோட்டை, ரெண்டாயிரத்துல மங்கள்யான். அப்புறம் கேட்டப்ப சொன்னாரு, "காலைல முதல் ட்ரிப்லயே பத்து ரூபா டிக்கெட்டுக்கு ரெண்டாயிரத்த நீட்டுவாங்க தம்பி, சில்லறை இல்லன்னு அந்தப் படத்த பாத்துட்டே திருப்பிக் குடுப்பேன், மறக்குமா?"

அதுக்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு இந்த விளையாட்டு மேல இவ்ளோ பிரியம் வர்றதுக்கே காரணம். ஏழாவது கேள்வி, பாட்டன் படிக்கிணறு, அந்த ஹால்ல ஒருத்தருக்கும் தெரியாது, நானும் அப்படித்தான் எதிர்பாத்தேன். ஆனா கண்டக்டர் விரல் விட்டு எண்ணினாரு, பத்து வந்துடுச்சு, இருபது வந்துடுச்சு, அம்பது, இருநூறு, ஐநூறு, ரெண்டாயிரம், அப்ப பாக்கி நூறு, அந்த ஊதா நோட்டுல படிக்கட்டா இறங்கிப் போற மாதிரி ஒண்ணு இருக்கும்ல அதுதான்னாரு. பேர் அவருக்குத் தெரியல, பேரனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. குஜராத் பக்கமே போகாத ஒரு மனுஷன் பதினோராம் நூற்றாண்டு சோலங்கி ராணி கட்டின கிணத்த மிச்சக் கணக்குப் போட்டே புடிச்சுட்டாரு. சாதா குவிஸ்ல அவர் முழிச்சுட்டேதான் உக்காந்திருப்பாரு. (பர்ஸ தொறந்து நோட்ட பாக்கக் கூடாதுன்னு அன்னைலேர்ந்து ஒரு ரூல் போட்டுட்டேன், போனுக்கு இருக்கிற அதே ரூல்.)

இதுலேர்ந்து நான் புடிச்சுக்கிட்ட விஷயம் ஒண்ணுதான், விடை எவ்ளோ தூரத்துலேர்ந்து வேணும்னாலும் வரலாம் ஆனா தீம் விளையாடுறவங்க கைக்கு எட்டுற இடத்துல இருக்கணும். நிறைய பேரு இத தலைகீழா பண்றாங்க, கேள்வி எல்லாம் சுலபமா வெச்சுட்டு தீம கொண்டு போய் நோபல் பரிசு வாங்கின வேதியியல்காரங்கன்னு வெப்பாங்க. அப்ப அது ஏற்கனவே நிறைய படிச்சவனுக்கு இன்னொரு பரிசு குடுக்குற மாதிரிதான் ஆகுது. தீம் பர்ஸ்ல இருக்கணும், சமையலறையில இருக்கணும், தெருவுல இருக்கணும்.

இப்ப எப்படி தயார் பண்றதுன்னு வர்றேன். நல்ல கேள்வி நாலு கைல இருக்கு, இதுக்குள்ள ஏதாவது தொடர்பு கிடைக்குமான்னு தேடுறது நேர விரயம், கிடைச்சாலும் வலிஞ்சு கட்டின மாதிரிதான் இருக்கும். தீம முதல்ல எடுக்கணும், அதுல இருக்கிற எல்லா உருப்படியையும் எழுதணும், எழுதிட்டு இந்தப் பட்டியல் மூடினதா திறந்ததான்னு பாக்கணும். குவிஸ்காரங்க எக்ஸாஸ்டிவ், நான்-எக்ஸாஸ்டிவ்னு சொல்வாங்க. நோட்டு மூடின பட்டியல், ஏழுதான், அதுக்கு மேல இல்ல, அதனாலதான் கண்டக்டரால மிச்சக் கணக்குப் போட முடிஞ்சுது. தமிழ்நாட்டு ஆறுங்கன்னு தீம் வெச்சா அது திறந்த பட்டியல், அஞ்சு ஆறு வந்துட்டாலும் ஆறாவது எதுன்னு யாராலயும் ஊகிக்க முடியாது, பாதி சுகம் போச்சு. முடிஞ்ச வரைக்கும் மூடின பட்டியலா எடுங்க.

மூடினதுன்னு நினைச்சாலும் வேலிய சரியா போடணும். இந்த நோட்டு செட்டுக்கே ஒரு காலேஜ் பொண்ணு எந்திரிச்சு, ஒரு ரூபா நோட்டுல சாகர் சாம்ராட் எண்ணெய்க் கிணறு தோண்டுற மேடை இருக்கே அத ஏன் விட்டீங்கன்னு கேட்டா. நியாயமான கேள்வி. ஒரு ரூபா நோட்டு ரிசர்வ் வங்கி போடுறது இல்ல, மத்திய அரசு போடுறது, நிதிச் செயலர் கையெழுத்துதான் இருக்கும், நம்ம செட்டு மகாத்மா காந்தி புதிய வரிசை மட்டும். அத ஸ்லைடுலயே எழுதி வெச்சிருந்ததால காமிச்சேன், அவளும் சந்தோஷமா உக்காந்துட்டா. தீம எப்பவும் ஒரு முழு வாக்கியமா எழுதி வெச்சுக்கோங்க, 'நோட்டு'ன்னு ஒத்தச் சொல்லா வெச்சா சண்டை வரும்.

அடுத்து கேள்விங்க. ஒவ்வொரு உருப்படிக்கும் தீமோட வாசனையே இல்லாத ஒரு பக்கம் இருக்கும், அதத் தேடணும். செங்கோட்டைக்கு 'ஆகஸ்ட் 15 பிரதமர் கொடி ஏத்துற இடம்'னு கேட்டா அது எல்லாரும் கேட்டுத் தேஞ்ச கேள்வி, ஐஎன்ஏ வழக்குன்னு போனா கதையும் கிடைக்குது விடையும் ஒளிஞ்சுக்குது. எல்லோராவுக்கு பதினாறாம் குகை, ராஷ்டிரகூட முதலாம் கிருஷ்ணன்னு கேட்டிருக்கலாம், ஆனா கழுகுமலை வழியா போனா நம்ம ஆளுங்களுக்கு ஒரு ஒட்டுதல் வருது. விடை ஒரே வடிவத்துலதான் வர்ற மாதிரி கேள்விய மடக்கவும் செய்யணும். 'செங்கோட்டை'ன்னு மட்டும் சொன்னா தென்காசிக்குப் பக்கத்துல இருக்கிற, வாஞ்சிநாதன் பொறந்த செங்கோட்டைக்குப் போயிடுவாங்க, அதனால டெல்லிங்கிறது விடையிலயே சேந்து வரணும்.

வரிசை ரொம்ப முக்கியம், ஆனா பல பேரு இதுக்கு நேரமே ஒதுக்குறதில்ல. முதல் கேள்வி எல்லா டீமுக்கும் தெரிஞ்சதா இருக்கணும், கைல ஒண்ணாவது இருந்தாதான் யோசிக்கவே மனசு வரும். கஷ்டமானது கடைசில, ஏன்னா அதுக்குள்ள தீம் கை குடுக்க ஆரம்பிச்சிருக்கும். ராணி கி வாவ முதல் கேள்வியா போட்டிருந்தா ஹாலே செத்துப் போயிருக்கும். அப்புறம் அந்த உடைக்கிற விடை, மங்கள்யான் மாதிரி, வெளியில தெரியுற பொய்த் தொடர்ப உடைச்சு உள்ள இருக்கிறத காட்டுறது. அத முதல்லயே போட்டா யாரும் யுனெஸ்கோ பக்கமே போக மாட்டாங்க, கடைசில போட்டா கண்டுபிடிச்சும் பிரயோஜனம் இல்ல, பின்னோக்கி வேலை செய்ய கேள்வியே பாக்கி இருக்காது. ஏழுல அஞ்சாவது எனக்கு சரியா வருது, அஞ்சுன்னா நாலாவது.

பொய்த் தொடர்பு இருக்கிறது நல்லதா கெட்டதான்னு கேட்டா, பாதி வழி வரைக்கும் வந்துட்டு உடையுறது ரொம்ப நல்லது. எல்லா விடைக்குமே பொருந்துற ரெண்டாவது தொடர்பு இருந்தா அது ஆபத்து. செட்டு முடிச்சதும் விடைங்கள மட்டும் ஒரு பேப்பர்ல எழுதி, இந்தத் தீம் தெரியாத ரெண்டு பேருகிட்ட காமிங்க, என்ன தோணுதுன்னு கேளுங்க. அப்படியும் ஹால்ல யாராவது வேற ஒண்ணு சொல்லி அது எல்லா விடைக்கும் உக்காந்துச்சுன்னா யோசிக்காம முழு மார்க் குடுத்துடணும். நான் நினைச்சது இது இல்லன்னு அடம் புடிக்கிற குவிஸ் மாஸ்டர் மேல ஒரு தடவ நம்பிக்க போச்சுன்னா அடுத்த தடவ கூட்டம் வராது.

ஒரே செட்டு ஊருக்கு ஊரு மாறும், இதுக்கு மதுரையில சொந்தக்காரங்க கூடின ஒரு சாயங்காலம் போட்ட செட்ட சொல்றேன். கண்ணாடிக்கு பழைய தமிழ்ப் பேரு? ஆடி. இருபத்தேழு நட்சத்திரத்துல ஒண்ணு, வெளிநாட்டுக்காரங்க ஸ்பைகான்னு சொல்றது? சித்திரை. மலையாளிங்க ஓணம் கொண்டாடுற சிங்க மாசம் நமக்கு எது? ஆவணி. சூரை மீன அவிச்சுப் புகை போட்டுக் கட்டை மாதிரி காயவெச்சு, மாலத்தீவுலேர்ந்து இலங்கைக்கெல்லாம் போகும், சம்பல்ல இடிச்சுப் போடுவாங்க, என்ன பேரு? மாசி. சென்னையிலேர்ந்து வந்த பசங்க ரெண்டாவது விடையிலயே தமிழ் மாசம்னு கத்திட்டாங்க. அஞ்சாவது கேள்வி, பஞ்சபூதத்துல சிதம்பரத்துக்கு உரியது, ஆகாயம்னு சொல்லக் கூடாது, ரெண்டே எழுத்து. வெளி. வெளின்னு எந்த மாசம்? பசங்க திகைச்சு நிக்கிறாங்க, பின்னாடி வெத்தல போட்டுட்டு இருந்த அத்தை, "அடேய், கோயில சுத்தி இருக்குற வீதிடா"ன்னாங்க. ஆடி வீதி கோயிலுக்குள்ள, அப்புறம் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி, உள்ளேர்ந்து வெளிய ஒண்ணுக்கு மேல ஒண்ணு சதுரமா. அத்தை வாழ்க்க முழுக்க நடந்த தெருங்க.

இதே செட்ட சென்னையில போட்டா எடுபடாது, மதுரைக்காரங்க இருக்கிற டீமுக்கு மட்டும் அநியாயமா ஒரு சலுகை ஆயிடும். அதனால ஹால்ல யாரு உக்காந்திருக்காங்கன்னு தெரியாம தீம முடிவு பண்ணாதீங்க. எனக்கு ரொம்ப புடிச்ச தீம் ஐந்திணை, நீலக்குறிஞ்சி, முல்லைப் பெரியாறு, மருதமலைன்னு மூணு அழகா கிடைச்சுது, நெய்தலுக்கு நல்ல கேள்வியே அமையல, வலிஞ்சு ஒண்ண நுழைச்சா அது தனியா துருத்திட்டு நிக்கும், அதனால அந்தத் தீமே வேண்டாம்னு இன்னைக்கு வரைக்கும் எடுத்து வெச்சிருக்கேன். ஒரு உருப்படி சரியா வரலன்னா தீமையே விட்டுடுறதுதான் மரியாதை.

சமையலறைக்குள்ள இருக்கிற தீம் ஒண்ணு. புத்தர், பிள்ளையப் பறிகொடுத்த கிசா கோதமிகிட்ட சாவே நடக்காத வீட்டுலேர்ந்து ஒரு கைப்பிடி வாங்கிட்டு வரச் சொன்னது என்ன? கி.பி. 408ல ரோமாபுரிய முற்றுகை போட்ட அலாரிக், தங்கம் வெள்ளியோட மூவாயிரம் ராத்தல் கேட்டு வாங்கின சரக்கு எது? குஜராத்துல உஞ்சாங்கிற ஊரு எந்தப் பொருளோட சந்தைக்குப் பேர் போனது? லத்தீன்ல கிரேக்க வைக்கோல்னு அர்த்தம் வர்ற அறிவியல் பேரு எதுக்கு இருக்கு? காயம் ஆத்துற குணத்துக்குன்னு 1995ல அமெரிக்காவுல காப்புரிமை குடுத்து, நம்ம அரசோட அறிவியல் ஆராய்ச்சி அமைப்பு சிஎஸ்ஐஆர் எதிர்த்து வழக்காடி 1997ல ரத்து பண்ண வெச்சது எத? கடுகு, மிளகு, சீரகம், வெந்தயம், மஞ்சள். அஞ்சறைப் பெட்டி.

இத முதல்ல தயார் பண்ணும்போது பெருங்காயத்தையும் சேக்கலாம்னு ஒரு ஆசை இருந்துச்சு, ஏன்னா ஆப்கானிஸ்தான், ஈரான்லேர்ந்து இறக்குமதி பண்ணிட்டு இருந்த நாம 2020 அக்டோபர்ல இமாச்சலப் பிரதேசத்து லாகுல் பள்ளத்தாக்குல முதல் நாத்து நட்டோம்னு ஒரு நல்ல கேள்வி இருக்கு. பெரியம்மாகிட்ட காமிச்சேன். "பெருங்காயத்த எவடா அஞ்சறைப் பெட்டில வெப்பா, வாசனை எல்லாத்துலயும் ஏறிடும், அது தனி டப்பா"ன்னாங்க. அந்தக் கேள்விய வேற செட்டுக்கு எடுத்து வெச்சுட்டேன். பரிசோதிச்சுப் பாக்க குவிஸ் ஆளுங்கள மட்டும் தேடாதீங்க, அந்தத் தீம தினமும் கையில புழங்குறவங்க ஒருத்தர்கிட்ட கண்டிப்பா காமிக்கணும்.

எழுத்த வெச்சு ஒளிக்கிற தீம் தனி ரகம், விடையோட பொருள் எதுவும் சேராது, முதல் எழுத்து மட்டும் சேரும். சரோஜினி நாயுடு, ரிப்பன் பிரபு, கல்லணை, மகேந்திரவர்மன், பழவேற்காடு, தனுஷ்கோடி, நிலவேம்பு. சரிகமபதநி. குழந்தைங்களுக்கு இது உயிர், பாட்டு கிளாஸ் போற ஒரு பொண்ணு விடை கண்டுபிடிச்சத பேசி சொல்லல, பாடியே காட்டினா. ஆனா இதுக்கு சில நிபந்தனை இருக்கு. விடைங்கள போர்டுல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா பெருசா எழுதணும், காதால கேட்டா மட்டும் யாருக்கும் எட்டாது. வரிசைய கலைச்சுப் போடணும், ச ரி க ன்னு நேரா வந்தா மூணாவதுலயே கதை முடிஞ்சுது. தனுஷ்கோடிக்கு பதிலா தரங்கம்பாடி போடலாம்தான், ஆனா டச்சுக்காரங்க இருந்த பழவேற்காடும் டேனிஷ்காரங்க இருந்த தரங்கம்பாடியும் பக்கத்துல பக்கத்துல வந்தா எல்லாரும் ஐரோப்பியக் கோட்டைங்க பின்னாடி ஓடிடுவாங்க, அத உடைக்க வேற விடையும் தெளிவா இல்ல. அதனால 1964 புயல்ல அழிஞ்ச தனுஷ்கோடியே பத்திரம்.

செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாம கட்டினேன்னு மண்டகப்பட்டுல கல்வெட்டு வெச்ச ராஜா யாருன்னு அந்த செட்டுல கேட்டப்ப, எட்டாவது படிக்கிற பையன் ஒருத்தன் அப்ப எதுல சார் கட்டினாருன்னு கேட்டான். பாறைய குடைஞ்சுன்னு சொன்னதும் அடுத்த வாரமே அப்பாவ கூட்டிட்டு மண்டகப்பட்டு போயிட்டு வந்தான். கேள்விய நல்லா எழுதினா விடை தெரியாதவனுக்கும் அதுல ஏதாவது மிச்சம் இருக்கும், அதுக்காகவே ஒவ்வொரு கேள்வியையும் நான் பல தடவ மாத்தி எழுதுறேன்.

மார்க் போடுறதப் பத்தி. தீம வாய் விட்டு சொல்ல விடவே கூடாது, ஒரு டீம் கத்திட்டா மத்த எல்லாருக்கும் அங்கேயே விளையாட்டு முடிஞ்சுடுது. ஒவ்வொரு டீமுக்கும் சின்ன சீட்டு குடுத்துடுவேன், ஒவ்வொரு விடை முடிஞ்சதும் எழுத விரும்புறவங்க எழுதி மடிச்சுக் குடுக்கலாம். முதல் ரெண்டு விடைக்குள்ள புடிச்சா நாப்பது, அடுத்த ரெண்டுக்குள்ள முப்பது, அப்புறம் இருபது, எல்லாம் முடிஞ்சு புடிச்சா பத்து. தப்பா எழுதினா மைனஸ் கிடையாது, ஆனா ஒரு செட்டுக்கு ரெண்டு சீட்டுதான், இல்லன்னா வாய்க்கு வந்தத எழுதித் தள்ளுவாங்க. மைனஸ் வெச்சா பேசாத ஆளுங்க இன்னும் பேசாம ஆயிடுறாங்க, அத நான் வெக்கிறதே இல்ல. இந்த சீட்டு முறையில இன்னொரு நல்லது, கூச்சப்படுறவங்க எழுதிக் குடுத்துடுவாங்க, தப்பா போனாலும் ஹாலுக்குத் தெரியாது.

கடைசி விடை சொன்னதும் உடனே தீம அறிவிக்காதீங்க, போர்ட அப்படியே விட்டுட்டு ஒரு நிமிஷம் சும்மா நில்லுங்க. அந்த ஒரு நிமிஷத்துல ஆடியன்ஸ்லேர்ந்து யாராவது ஒருத்தர் மெதுவா கைய தூக்குவாங்க, அவங்களுக்கு ஒரு சாக்லேட்டாவது குடுங்க.

தேதி பழசாகுறதையும் பாத்துக்கணும். ரெண்டாயிரம் ரூபா நோட்ட புழக்கத்துலேர்ந்து திரும்ப எடுக்கிறதா 2023 மே மாசம் ரிசர்வ் வங்கி சொல்லிடுச்சு, இப்ப இருக்கிற சின்னப் பசங்க அத கையில தொட்டிருக்கவே மாட்டாங்க. பெரியவங்க இருக்கிற டீம்ல அது இன்னும் எடுபடும், பசங்க மட்டும்னா எனக்கு இப்ப அந்த செட்டு கிடையாது.

அதனால பசங்களுக்குன்னு இப்ப வெச்சிருக்கிற ஒரு செட்டோட முடிச்சுக்கிறேன், விடையும் சொல்லப் போறதில்ல.

தென்னிந்தியாவுலயே உயரமான சிகரம், 2695 மீட்டர், எரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள்ள இருக்கு. பேர் என்ன?

1959ல சுதந்திராக் கட்சிய ஆரம்பிச்சவரு, இந்தியாவோட கடைசி கவர்னர் ஜெனரலும் அவர்தான். எல்லாரும் அவர எப்படிச் சுருக்கிக் கூப்பிடுவாங்க?

கர்நாடகாவுல சிக்கமகளூரு மாவட்டத்து மலை, அங்க இருந்த இரும்புத்தாது சுரங்கம் 2005 முடிவோட நின்னுச்சு. எந்த மலை?

1806 ஜூலை 10, வேலூர் கோட்டை. புதுசா ஒரு தலைப்பாகைய மாட்டச் சொன்னதும் தாடி, நெத்திக் குறி கூடாதுன்னதும் சேந்து வெடிச்சது. அங்க எழுந்தவங்க யாரு?

1914ல மெரினா எதிர்ல ஆரம்பிச்ச, சென்னையோட முதல் பெண்கள் கல்லூரி. எது?

அஞ்சு கேள்விதான் இருக்கு, உருப்படி ஆறு. ஆறாவதுக்கு நான் கேள்வியே எழுதல, தீம் புடிபட்டுடுச்சுன்னா பாக்கி எதுன்னு நீங்களே சொல்லிடலாம்.